அப்பாவின் மெஷினை எடைக்குப் போடாதே

அன்புள்ள மாப்ள,

கடையைக் காலி செய்யப்போகிறேன், அப்பாவின் தையல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததில் இருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. போடாதே. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

இங்கே மிச்சிகனில் முழங்கால் அளவுக்குப் பனி. ட்ரவுட் என்ற மீன் இருக்கும் ஓடைகள் பலவற்றில் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைதான் மீன்பிடி காலம் தொடங்கும். அதுவரைக்கும் என்னைப் போன்றவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ராட் கட்டுவோம். ராட் என்றால் நாம் ஆற்றங்கரையில் வெட்டிக்கொண்டு போவோமே, அந்த மூங்கில் கம்புதான், ஆனால் நுனி வரைக்கும் வரிசையாகக் கம்பி வளையங்கள் இருக்கும், தங்கூசி அதற்குள்ளேதான் ஓடும். அந்த வளையங்களை ஆணி அடித்து வைக்க முடியாது, துளை போட்ட இடத்திலேயே கம்பு ஒடிந்துவிடும். வளையத்தின் இரண்டு கால்களையும் கம்போடு சேர்த்து நூலால் சுற்றி மேலே வார்னிஷ் பூசுவார்கள். பிடிமானம் எல்லாம் அந்த நூலில்தான் இருக்கிறது.

போன வருஷம் இதற்காகவே மோட்டார் வைத்த மெஷின் ஒன்று வாங்கினேன். காலால் பெடலை அழுத்தினால் கம்பு சுற்றும், நூல் தானாக ஏறும். பத்து நிமிஷத்தில் ஒரு வளையம் முடிந்துவிடும். வேகத்தில் நூல் எவ்வளவு இறுக்கமாக ஏறுகிறது என்று கைக்குத் தெரியவில்லை, எனக்கும் இறுக்கினால் நல்லதுதானே என்ற நினைப்பு. நான் கட்டியது மூங்கில் இல்லை, கார்பன் நாரில் செய்த கிராஃபைட் கம்பு, உள்ளே வெறும் குழாய், சுவர் மெல்லியது. வளையத்தின் கால் முனையை அரம் போட்டுச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தேன், அந்த முனை நூலின் இறுக்கத்தில் கம்பை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மே மாதம் ஆ சேபிள் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன், மீன் இழுத்தது, டக்கென்று ஒரு சத்தம், கம்பு சரியாக அந்த இடத்தில் முறிந்தது. மீன் போனதுகூடப் பரவாயில்லை, நானே கட்டிய கட்டு நானே கட்டிய கம்பை உடைத்தது என்பதுதான் பல நாள் மனசை அரித்தது.

அப்புறம்தான் இந்தப் பழைய கருவி கிடைத்தது. ஒரு பெரியவர் இறந்துபோன வீட்டில் அவருடைய சாமான்களை விற்றார்கள், நானும் போயிருந்தேன். காரேஜில் ஒரு ஷூ பெட்டிக்குள் இருந்தது, பன்னிரண்டு டாலர். ஒரு மரக்கட்டை, மேஜை ஓரத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கிளாம்ப், கம்பைக் கிடத்த இரண்டு பக்கமும் வி வடிவத்தில் வெட்டிய தாங்கிகள், அதில் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. நடுவில் நூல்கண்டு மாட்ட ஒரு கம்பி, அதற்கு முன்னால் இரண்டு வட்டத் தகடு, ஒரு ஸ்பிரிங், திருகிக்கொள்ள ஒரு நட்டு. யார் செய்தது என்று எங்கேயும் பொறிக்கவில்லை. அந்தத் தகடுகளைப் பார்த்ததும் எனக்கு உங்கள் கடை வாசல்தான் ஞாபகம் வந்தது. தையல் மெஷின் முகத்தில் இருக்குமே, நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற அதே டென்ஷன் தகடு. ஏதோ ஒரு தையல் மெஷினில் இருந்து கழற்றித்தான் அந்தப் பெரியவர் மாட்டியிருக்க வேண்டும்.

ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டு, தகடுகளின் உள்பக்கத்தைத் துணியால் தேய்த்து மாட்டினேன். அங்கே ஒரு சொரசொரப்பு இருந்தாலும் பட்டு நூல் பிசிறு கிளம்பிவிடும்.

இதில் கட்டுவது எப்படி என்று சொல்கிறேன், உனக்குத்தான் இது உடனே புரியும். வளையத்துக்கு மூன்று நாலு மில்லிமீட்டர் முன்னால் கம்பின்மேல் நூலை ஆரம்பித்து, அதன் வாலை அதே நூலால் குறுக்காக அமுக்கி, ஐந்தாறு சுற்று வந்ததும் வாலை வெட்டிவிட வேண்டும். அப்புறம் கம்பை இடது கையால் என் பக்கமாக மெதுவாக உருட்டுவேன், வலது கை விரல் நகம் ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு தள்ளி ஒட்ட வைக்கும். கட்டை விரலுக்கடியில் நூல் ஓடுவது தெரியும், கால் முனைமேல் ஏறும் இடத்தில் ஒரு சின்ன தடங்கல் வரும், அங்கே நட்டைக் கால்வாசித் திருப்பு தளர்த்துவேன். சாதாரண நைலான் நூலில் ஒரு சென்டிமீட்டருக்கு அறுபது சுற்றுக்கு மேல் வருகிறது, மெல்லிய பட்டில் இன்னும் அதிகம். முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது தனியாக ஒரு நூலை மடித்து அதன்மேல் வைத்துச் சுற்றி, கடைசியில் முனையை அந்த மடிப்புக்குள் நுழைத்து இழுத்தால் முனை கட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். முடிச்சே கிடையாது. ஸ்பூனின் முதுகால் லேசாகத் தேய்த்து இடைவெளியை மூடி, ஸ்பிரிட் விளக்குச் சுடரைச் சட்டென்று காட்டி பிசிறை எரிப்பேன். ஒரு வளையத்துக்கு நாற்பது நிமிஷம் ஆகிறது.

மஞ்சள் பட்டில் ஒன்று கட்டினேன், வார்னிஷ் தொட்டதும் மஞ்சள் போய் நூலே தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அடியில் இருக்கும் மூங்கில் நார் தெரிகிறது. மஞ்சளாகவே நிற்க வேண்டும் என்றால் முதலில் நிறம் காக்கும் திரவம் ஒன்று பூசுவார்கள். நான் பூசுவதில்லை, எனக்கு அந்தத் தேன் நிறம்தான் பிடித்திருக்கிறது.

ஆமாம், இப்போது கிராஃபைட்டை விட்டு மூங்கிலுக்கு வந்துவிட்டேன். முழு மூங்கில் இல்லை, பிளந்து முக்கோணப் பட்டையாகச் சீவிய ஆறு துண்டுகளை ஒட்டி அறுகோணமாகச் செய்வது. 1800களில் இங்கே இதை ஆரம்பித்தவர்கள் நம் நாட்டு மூங்கிலைத்தான் வாங்கினார்கள், கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்ததால் அதற்குக் கல்கத்தா மூங்கில் என்றே பெயர். பிறகுதான் தென்சீனாவின் டோன்கின் மூங்கிலுக்குப் போனார்கள். 1950இல் அமெரிக்கா சீனாவோடு வியாபாரத்தை நிறுத்தியதும் அந்த வரத்தும் நின்றது, ஃபைபர்கிளாஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து ராட்களைப் பார்த்தால் வளையமே இல்லாத இடத்திலும் கொஞ்ச தூரத்துக்கு ஒரு கட்டு பட்டு நூலில் போட்டிருப்பார்கள். நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். நம் ஆசாரிகள் காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசை மாதிரி ஒன்றில்தான் அன்றைக்கு ஒட்டினார்கள், ஈரம் பட்டால் விட்டுவிடும், ஆறு துண்டும் பிரியாமல் பிடித்துக்கொண்டதே அந்த நூல்கள்தான். நல்ல செயற்கைப் பசைகள் வந்த பிறகு அந்த இடைக்கட்டுகள் மறைந்துவிட்டன.

ஒட்டும்போதும் நூல்தான். எவரெட் கேரிசன் என்ற இன்ஜினியர் அதற்கு ஒரு கருவி செய்தார், இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுகிறார்கள். ஒரு கயிறு கம்பைச் சுற்றிக்கொண்டு கீழே எடைக்கல்லோடு தொங்கும், கைப்பிடியைச் சுற்றினால் கம்பு உருண்டுகொண்டே முன்னால் நகரும், நூல் சாய்வாக ஏறிக்கொண்டே போகும். திரும்ப ஒரு முறை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துச் சுற்றாவிட்டால் கம்பு முறுக்கிக்கொண்டுவிடும். பசை காய்ந்ததும் அந்த நூலை எல்லாம் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

உங்கள் அப்பா புதுத் துணியில் கை வைக்கும் முன்னால் ஊசிப் பக்கத்து நூலை இரண்டு விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, நட்டை ஒரு மயிரிழை திருப்புவாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் தூண்டிலோடு வாசலில் நிற்போம், சீக்கிரம் முடிக்க மாட்டாரா என்று இருக்கும். வாயில் துணிக்கு ஒரு இழுப்பு, டெரிகாட்டனுக்கு வேறு இழுப்பு. தகடு பழுதில்லாத கருவி கையில் இருந்தும் அந்த இழுப்பு எனக்குச் சரியாகப் பிடிபட ஒரு குளிர்காலம் ஆகிவிட்டது. நைலானுக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று என்று இப்போதுதான் விரல் சொல்கிறது. அவர் இருந்திருந்தால் போனில் கேட்டிருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், மெஷினை வீட்டில் ஒரு மூலையில் போட்டு வை, இடம் இல்லை என்றால் என் அம்மா வீட்டு மாடியில் கொண்டு வை, நான் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டிய நிலைமை என்றால் டென்ஷன் பகுதியை மட்டும் கழற்றி எனக்கு வை. பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் மொத்தமாக வெளியே வந்துவிடும். தகடு இரண்டும் ஸ்பிரிங்கும் தனித்தனியாகப் பிரியாமல் ஒரு துண்டுத் துணியில் சுற்றி வை. ஜூலையில் ஊருக்கு வருகிறேன், வாங்கிக்கொள்கிறேன். உனக்கும் ஒரு ராட் கட்டிக்கொண்டு வருகிறேன், நூல் என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் சேக்காளி