அந்தக் குளிர்கோட்டு வாங்குவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ பாதியில் நிறுத்திய பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீடு காலியாகக் கிடக்கிறது, குளிர் வரப்போகிறது, புதுக் கோட்டு வாங்கலாம் என்று போனால் பாதிச் சம்பளத்தைக் கேட்கிறார்கள், பக்கத்திலேயே தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகள் இருக்கின்றன, அதில் ஒன்றின் ஜன்னலில் ஒரு கோட்டும் கண்ணில் பட்டது, ஆனாலும் உள்ளே போகக் கால் வரவில்லை என்றாய். யாரோ போட்டதைப் போடுவதா என்று ஒரு தயக்கம். இல்லாதவர்களுக்கு வைத்திருப்பதை நாம் போய் எடுப்பதா என்று ஓர் உறுத்தல். தாராளமாகப் போம்மா.

உறுத்தலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைகள் பொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் இடங்கள் இல்லை, விற்றுப் பணமாக்கும் இடங்கள். நீ கொடுக்கும் காசுதான் அந்த நிறுவனத்தின் வேலைக்குப் போகிறது. ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம் 1942இல் போர்க்காலப் பட்டினி நிவாரணத்துக்காகத் தொடங்கப்பட்டது. மக்கள் கொடுத்த பொருட்கள் தேவைக்கு மேல் குவிந்ததால், 1940களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் ஒரு கடையைத் திறந்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1902இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வசதியானவர்களின் வீடுகளில் பழைய துணிமணிகளையும் சாமான்களையும் சேகரித்து, வேலையில்லாதவர்களைக் கொண்டே அவற்றைப் பழுதுபார்க்க வைத்து, விற்ற பணத்தில் கூலி கொடுத்தார். பழைய பொருள் கடைகள் நடத்தும் குட்வில் என்ற தொண்டு நிறுவனம் அங்கிருந்து வளர்ந்ததுதான். இதில் பிச்சை எங்கே இருக்கிறது, சொல்? வாங்க ஆள் வந்தால்தான் இந்த ஏற்பாடே நடக்கும்.

சரி, எப்படி வாங்குவது? இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. விலை குறைவு என்பதற்காக எதையும் எடுக்காதே. புதிதாக வாங்க நம்மால் முடியாத அளவுக்கு நல்ல வேலைப்பாடு உள்ள பொருளைத் தேடு. அந்தக் கடைகளில் நன்கொடைகளைப் பிரித்து விலை போடுகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், முன்னால் மலைபோல் குவிந்த பைகளை வேகமாகப் பார்த்து முடிக்க வேண்டியவர்கள். பெரிய பிராண்டின் பெயர் கண்ணில் பட்டால் இணையத்தில் பார்த்து விலையை ஏற்றிவிடுவார்கள், சில கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் தனியாகப் பூட்டி வைப்பதும் உண்டு. அதில் தப்பில்லை, அவர்களுக்கும் பணம் வர வேண்டும். ஆனால் பெயரே கேள்விப்படாத ஒரு தையல்காரர் நல்ல கம்பளியில் பொறுமையாகத் தைத்த கோட்டும், ஒரு பருவம்கூடத் தாங்காத மலிவுக் கோட்டும் ஒரே கம்பியில் ஒரே விலைச் சீட்டோடு தொங்கும். வித்தியாசம் சீட்டில் தெரியாது, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கம்பியில் தொங்கும் துணிகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போகாதே, கையால் தடவிக்கொண்டே போ. கம்பளி, லினன், பட்டு, கனமான பருத்தி இவையெல்லாம் கைக்குத் தனியாகத் தெரிந்துவிடும். கை நிற்கும் இடத்தில் வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் லேபிளில் எந்த நூல் எத்தனை சதவீதம் என்று படி.

அப்புறம் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பு. நான் எப்போதும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். லைனிங் துணி முதலில் கிழிவது அக்குளில், அதனால் அங்கே பார். தையல் பிரிந்திருந்தால் பரவாயில்லை, ஊசி நூல் எடுத்தால் அரை மணி நேர வேலை. துணியே இற்றுப்போயிருந்தால் லைனிங்கை மாற்றும் கூலி கோட்டின் விலையைத் தாண்டிவிடும், எடுத்த இடத்திலேயே திருப்பி மாட்டிவிடு. கட்டம் போட்ட துணியாக இருந்தால் தோளிலும் பக்கவாட்டிலும் கட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேருகின்றனவா என்று பார். அப்படிச் சேர்த்து வெட்டினால் துணி நிறைய வீணாகும், மலிவாகத் தைப்பவர்கள் செய்ய மாட்டார்கள். தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டிருந்தால் நாளைக்குப் பிரித்துப் பெரிதாக்கலாம். காஜா நெருக்கமாக இருக்கிறதா, ஜிப் கடைசிவரை ஏறி இறங்குகிறதா, பைக்குள் ஓட்டை இருக்கிறதா என்பதெல்லாம் பார்த்த பிறகு துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடி. அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகள் ஊசிமுனை அளவுக்கு ஒளியாகத் தெரியும். ஒன்றிரண்டை இழை கோத்து அடைத்துவிடலாம், அதற்கு மேல் இருந்தால் வேண்டாம்.

லேபிளில் போட்டிருக்கும் அளவு எண்களை நம்பாதே. ஒரே எண் ஒவ்வொரு நிறுவனத்தில் ஒவ்வோர் அளவாக இருக்கும், பழைய காலத்துத் துணிகளில் இன்னும் சின்னதாக இருக்கும். கைப்பையில் ஒரு அளவு டேப் வைத்துக்கொள். தோள், மார்பு, கை நீளம் மூன்றும் உனக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையை அளந்து போனில் குறித்து வை. தோள் சரியாக இருந்தால் மற்றதை ஆல்டர் செய்துகொள்ளலாம், தோளைத் திருத்துவது மட்டும் பெரிய வேலை. ஆண்கள் பக்கமும் ஒரு நடை போய்ப் பார். ஸ்வெட்டர்கள் அங்கேதான் கனமாகக் கிடைக்கும்.

மலிவு ஃபேஷன் கடைகளின் துணி இங்கேயும் ஏராளமாகத் தொங்கும், புதிதாக விற்ற விலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லாமல். அதைத் தொடாதே. ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாக ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. அவ்வளவு தண்ணீரைக் குடித்த துணி நாலு சலவையில் முறுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. நல்ல துணி ஒன்று இன்னும் பத்து வருஷம் யாராவது ஒருவர் உடம்பில் இருக்கட்டும் என்று நினைப்பதும் நான் உன்னை அங்கே போகச் சொல்வதற்கு ஒரு காரணம்.

மேசை வேண்டும் என்றாயே. முதலில் டிராயரை முழுவதும் வெளியே இழுத்துத் திருப்பிப் பார். மூலையில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் மனதார வாங்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வெறும் பின் ஆணி அடித்திருந்தால் அடுத்த வீடு மாறும்போதே ஆட்டம் கண்டுவிடும். மேலே கீறல், தண்ணீர் வட்டம் எல்லாம் இருந்தால் நல்லது என்றே சொல்வேன், அதனால்தான் விலை இறங்கியிருக்கும். கெட்டி மரம் என்றால் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசலாம். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் அவற்றின் கீழே புதிதாகக் கொட்டிய மாவும் தெரிந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு, உள்ளே புழு உயிரோடு இருக்கிறது.

பாத்திரத்தில் இரும்புச் சட்டி துருப்பிடித்திருந்தாலும் எடு, தேய்த்து எண்ணெய் காட்டினால் புதிது. விரிசல் மட்டும் இருக்கக் கூடாது. கீறல் விழுந்த நான்ஸ்டிக் வேண்டாம். பூ வேலைப்பாடு உள்ள பழைய பீங்கானை அலங்காரத்துக்கு வை, அதில் சாப்பிடாதே, பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கலாம். மெத்தை வேண்டவே வேண்டாம். ஹெல்மெட்டும் அப்படித்தான், ஒருமுறை அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. உன் தலை விஷயத்தில் காசு பார்க்காதே.

யாரோ போட்டதாயிற்றே என்ற தயக்கம் சுத்தம் செய்தால் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைக்காமல் பையோடு கட்டி வை. தாங்கக்கூடிய துணியை 60 டிகிரி வெந்நீரில் துவை, மூட்டைப்பூச்சி இருந்தாலும் செத்துவிடும். கம்பளியை அப்படித் துவைத்தால் சுருங்கிவிடும், அதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துவிட்டு வெளியே எடுத்து உதறு. பாச்சை உருண்டை வாசனை காற்றாடப் போட்டால் மெல்லப் போகும், பூஞ்சை வாசனை லேசில் போகாது. அதனால் கடையிலேயே முகர்ந்து பார்க்க வெட்கப்படாதே.

பேரம் பேசாதே. ஏன் என்று உனக்கே தெரியும். அங்கே வேலை செய்கிறவர்களோடு பழகு, புதுச் சரக்கை என்றைக்கு வெளியே வைப்பார்கள் என்று கேட்டால் சொல்வார்கள், கடைக்குக் கடை வேறுபடும். நீ பதிலுக்குக் கொடுக்கும்போது துவைத்து, பட்டன் தைத்துக் கொடு. விற்க முடியாததை அகற்றவும் அவர்கள்தான் செலவழிக்க வேண்டும்.

அந்தக் கோட்டு இன்னும் அங்கே இருந்தால் எடுப்பதற்கு முன் எனக்குப் படம் அனுப்பு. வெளிப்பக்கம் வேண்டாம், லேபிளும் அக்குளும் போதும். மேசைக்கு முன்னால் உன் மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தை அளந்து வை, ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா