செயலாளரின் ஆண்டறிக்கை: பல்கலைக்கழகச் செலவும் பாடத்தேர்வும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உதவி நாடி வரும் மாணவர்களின் கட்டணப் பட்டியலோடு அவர்களது பாடத்திட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அந்தத் தீர்மானம் சரியானதே என்பதை இவ்வாண்டுப் பணி எனக்கு ஐயமற உணர்த்தியது. ஒரு பட்டப்படிப்புக்கு ஆகும் செலவில் கல்விக் கட்டணத்துக்கு இருக்கும் பங்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பாட அமைப்புக்கு இருக்கும் பங்கு பெரும்பாலும் காலம் கடந்த பிறகே தெரியவருகிறது.

ஆலோசனைக்கு வந்த இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தம் ரசீதுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். மேசையில் அவற்றைப் பிரித்து அடுக்கினோம். கல்விக் கட்டணத்துக்கான ரசீது ஒன்றுதான். தேர்வு, ஆய்வகம், நூலகம், விடுதி முன்பணம் என்று மற்றவை மேசை நிறையக் கிடந்தன. ஆயினும் அவரைக் கலங்கவைத்தது அவற்றுள் எதுவுமன்று. முதலாண்டுக் கணிதத் தாளில் அவர் தேர்ச்சி பெறவில்லை. அத்தாள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்படுகிறது. அதில் தேறாதவர் இறுதியாண்டுத் தாள்கள் இரண்டை எடுக்க இயலாது. இதனால் ஒரே ஒரு தாளுக்காகப் படிப்பு ஓராண்டு நீளும் நிலை வந்தது. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதனோடு நீள்வதுடன், பட்டம் பெற்று ஈட்டியிருக்க வேண்டிய ஓராண்டு ஊதியமும் கைநழுவுகிறது. இவற்றின் முன் மறுதேர்வுக் கட்டணம் ஒரு பொருட்டே அன்று. இந்த நிபந்தனை கையேட்டில் அச்சாகித்தான் இருந்தது. சேர்க்கையின்போது அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாமற்போனது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

பகுதிநேர வேலை பற்றியும் பலர் கேட்டனர். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்பின் ஓராண்டுக்கு 60 கிரெடிட்டுகள்; ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு அனைத்தும் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம் படிப்புக்கே போய்விடுகிறது. அதை 40 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 38 முதல் 45 மணி நேரம் வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இரவு வேலை ஒப்புக்கொண்ட மாணவர்கள் முதலில் இழப்பது உறக்கத்தை. அடுத்து இழப்பது தேர்ச்சியை.

கட்டணமே இல்லாத நாட்டுக்குப் போனால் கவலையில்லை என்ற எண்ணம் சில பெற்றோரிடம் இருக்கிறது. ஜெர்மனியின் மாநிலங்கள் 2014-க்குள் பொதுவான கல்விக் கட்டணத்தைக் கைவிட்டது உண்மை. ஆனால் அங்கும் பருவப் பங்களிப்புத் தொகையும், அறை வாடகையும், மருத்துவக் காப்பீடும் மாணவர் பொறுப்பே. இங்கிலாந்தில் 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணத்தின் உச்சவரம்பு 2012-இல் 9,000 பவுண்டாக உயர்ந்ததையும் கூட்டங்களில் எடுத்துக்கூறினோம்.

கல்விக்கடன் குறித்த விவாதமே இவ்வாண்டு மிக நீண்டது. மாதத் தவணை நிலையாக உள்ள கடன், வேலை கிடைக்காத மாதத்திலும் கதவைத் தட்டும். ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த முறையிலோ, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே திருப்பிச் செலுத்தும் கடமை தொடங்குகிறது. கடன் கேட்டு வருபவர்களிடம் வட்டி விகிதத்துக்கு முன்னதாக இந்த வேறுபாட்டைத்தான் விளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். வரும் ஆண்டில், சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் முன்பே ஒவ்வொரு மாணவருடனும் அமர்ந்து, எந்தத் தாள் எதற்கு முன்தேவை, எது எந்தப் பருவத்தில் மட்டும் நடக்கிறது என்பதைப் பாடத்திட்டக் கையேட்டிலிருந்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் செயற்குழு விரும்புகிறது. இப்பணிக்குப் பட்டம் முடித்த உறுப்பினர்கள் மாதம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் தருமாறு வேண்டி, இத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்