ஹூஸ்டன் பக்கத்து தமிழ்ச் சங்கக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன ஜூன் பிக்னிக்ல கால்வெஸ்டன் பீச்ல நாம எல்லாரும் சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தப்ப, கமிட்டில இருக்கற ஒரு அண்ணன் சொன்னது இன்னும் எனக்கு உறுத்திட்டே இருக்கு. "நாமளும் வெறுங்கையோடதான் வந்தோம், உழைச்சோம், வீடு வாங்கினோம், இந்தக் கறுப்பினத்தவங்க மட்டும் ஏன் இன்னும் பழங்கதையே பேசிட்டு இருக்காங்க"ன்னாரு. பசங்க எல்லாம் கேட்டுட்டு இருந்தாங்க, என் பொண்ணும்தான். நான் அப்ப வாயத் திறக்கல, அது என் தப்பு.

அவரு பேசின அதே கால்வெஸ்டன்லதான் 1865 ஜூன் 19 அன்னைக்கு ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் டெக்சாஸ் அடிமைகளுக்கெல்லாம் விடுதலைன்னு உத்தரவு போட்டாரு. ஜனாதிபதி லிங்கனோட விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1லயே வந்தாச்சு, இங்க சுமார் 2,50,000 பேரு அதுக்கப்புறமும் ரெண்டரை வருஷம் கூலியே இல்லாம பாடுபட்டாங்க. அந்த உத்தரவப் படிச்சுப் பாருங்க, முழுச் சமத்துவம்னு சொல்லிட்டு அதுக்குக் கீழயே, இருக்கற இடத்துலயே அமைதியா இருந்து கூலிக்கு வேலை பாருங்க, சும்மா இருந்தா யாரும் சோறு போட மாட்டோம்னு எச்சரிக்கை. தலைமுறை தலைமுறையா சும்மா உக்காந்து சாப்பிட்டது யாருங்க?

ஹூஸ்டன் பக்கத்துல இருக்கற சுகர் லேண்டுக்கு வரேன். நம்மள்ல நிறைய பேரு அங்க வீடு வாங்கினதே ஸ்கூலுக்காகத்தான். 2018ல அங்க ஸ்கூல் கட்டடத்துக்கு மண்ணு தோண்டறப்ப எலும்பு வந்துச்சு, தோண்டத் தோண்ட மொத்தம் 95 பேரு, எல்லாம் கறுப்பினக் கைதிங்க. அடிமை முறைய ஒழிச்ச 13வது திருத்தத்துலயே குற்றத்துக்குத் தண்டனையா இருந்தா மட்டும் விலக்குன்னு ஒரு ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் வேலையில்லாம சுத்தினான், எதையோ திருடினான்னு ஆளப் புடிச்சு உள்ள போட்டு, அப்புறம் அரசாங்கமே அவங்கள கரும்புத் தோட்டக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுச்சு. காசு குடுத்து வாங்கின அடிமை செத்தா முதலாளிக்கு நஷ்டம், வாடகைக் கைதி செத்தா இன்னொருத்தன் வருவான், அவ்ளோதான். இருக்கறதுலயே சின்ன வயசு எலும்புக்கூட்டுக்கு 14 வயசு இருக்கும்னு கணிச்சாங்க. என் பொண்ணுக்கு இப்ப 14. ரெஜினால்ட் மூர்னு ஒருத்தர், முன்னாள் சிறைக் காவலர், இந்தப் பக்கம் புதைகுழி இருக்கும்னு பல வருஷமா சொல்லிட்டே இருந்தாரு, காதுல போட்டுக்க ஆள் இல்ல. இதையா பழங்கதைங்கறோம்?

அப்புறம் அந்த வெறுங்கை விஷயம். 1946 சட்டப்படி இந்தியாவுல இருந்து இங்க குடியேற வருஷத்துக்கு 100 பேருன்னுதான் கோட்டா, எவ்ளோ படிச்சிருந்தாலும் அவ்ளோதான். 1965 மார்ச்ல ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினத்தவங்கள அலபாமால செல்மா பாலத்துல போலீஸ் அடிச்சு, அவங்க தலைவர்கள்ல ஒருத்தரான ஜான் லூயிஸ் மண்டை உடைஞ்சுது, ஆகஸ்ட்ல ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துல ஓட்டுரிமைச் சட்டம் வந்துச்சு, அக்டோபர் 3ல அதே ஜான்சன் புதுக் குடியேற்றச் சட்டத்துல கையெழுத்து போட்டாரு. நிறம் பாத்து ஆளப் பிரிக்கறது தப்புன்னு இந்த நாட்ட ஒத்துக்க வெச்சது அவங்க போராட்டம், அந்த வேகத்துலதான் பொறந்த நாடு பாத்து கதவ மூடற கோட்டாவும் ஒழிஞ்சுது. அவங்க ரோட்டுல அடி வாங்கினாங்க, நமக்கு விசா கிடைச்சுது அண்ணே.

அதனால கேக்கறது ஒண்ணுதான், இந்த ஜூன்ல பீச்சுக்கு முன்னாடி பசங்களுக்கு அரை நாள் ஒதுக்குங்க. முதல்ல சுகர் லேண்ட்ல அந்த 95 பேரத் திரும்பப் புதைச்ச இடம். அடுத்தது ஹூஸ்டன்ல எமான்சிபேஷன் பார்க், 1872ல விடுதலையாகி ஏழே வருஷம் ஆன ஜனங்க, ஜூன் 19ஐக் கொண்டாட நமக்குன்னு ஒரு இடம் வேணும்னு அவங்களுக்குள்ளயே காசு சேத்து 10 ஏக்கர் வாங்கினாங்க. கோயிலுக்கு நாம வீடு வீடா வசூல் பண்ணினவங்கதானே, அது எவ்ளோ கஷ்டம்னு நமக்குத் தெரியும், அவங்ககிட்ட அப்ப என்ன இருந்திருக்கும்னு யோசிங்க. அப்புறம் கால்வெஸ்டன்ல, ஸ்ட்ராண்டும் 22வது தெருவும் சேர்ற மூலைல அந்த உத்தரவுக்கு நினைவுப் பலகை இருக்கு, அதப் பாத்துட்டு பீச்சுக்குப் போலாம்.

வேன் நான் ஏற்பாடு பண்றேன், பசங்க பேர் லிஸ்ட் மட்டும் மே மாசத்துக்குள்ள குடுங்க. அந்த அண்ணனும் அவசியம் வரணும், அவருக்கு என் பக்கத்துலயே ஒரு சீட் வெச்சிருக்கேன்.