மவுத்பீஸ் நீளம் குறைவு: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: ஹைட்ராலிக்ஸ் லேப் பொறுப்பாளர், பாலிடெக்னிக் கல்லூரி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய ஆரிஃபிஸ் (நீர் பாயும் வெறும் துளை) – மவுத்பீஸ் (துளையில் பொருத்தும் குட்டைக் குழாய்) செட்டில், தொட்டியின் பக்கத் துளையில் வெளிப்புறமாகப் பொருத்தும் 10 மி.மீ. விட்டமுள்ள மவுத்பீஸ் சரியாக இல்லை. தொட்டியில் நீர்மட்டத்தைத் துளைக்கு மேல் 50 செ.மீ. உயரத்தில் நிலையாக வைத்து, 30 செ.மீ. சதுரச் சேகரிப்புத் தொட்டியில் 10 செ.மீ. ஏறும் நேரத்தைப் பார்த்தோம். ஆரிஃபிஸுக்கு 59 விநாடி; கெழு, அதாவது கணக்குப்படி வர வேண்டிய நீரில் உண்மையில் வரும் பங்கு, 0.62. அது சரி. மவுத்பீஸுக்கு 45 விநாடிதான் ஆக வேண்டும். அதற்கும் கிட்டத்தட்ட 59 விநாடியே ஆகிறது. 0.82 வர வேண்டிய இடத்தில் 0.62 வந்தால் அந்தக் குழாயை எதற்குப் பொருத்துவது?

தொலைபேசியில் பேசியவர், "பசங்க ஸ்டாப்வாட்ச்சைச் சரியா அமுக்கியிருக்க மாட்டாங்க" என்றார். பசங்களை விடுங்கள். நானே வெர்னியர் வைத்து அளந்தேன். கேட்லாக்கில் நீளம் 25 மி.மீ.; வந்திருப்பது 11 மி.மீ.

துளைக்குள் நுழையும் நீர் முதலில் ஒடுங்கி, பிறகு விரிந்து குழாய்ச் சுவரைத் தொட வேண்டும். அப்போதுதான் ஒடுங்கிய இடத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைந்து, தொட்டியிலிருந்து கூடுதல் நீரை இழுக்கும். அதற்கு விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு நீளமாவது வேண்டும். வென்டூரி 1797லேயே சோதித்து எழுதிய விஷயம் இது! தங்கள் குழாயிலோ தாரை சுவரைத் தொடாமல் கண்ணாடிக் கம்பி மாதிரி வெளியே வருகிறது. வாய்ப்பகுதியின் உள்சுவர் ஈரம்கூட ஆகவில்லை. விரலால் வாயை மூடித் திறந்தால் ஒரு கணம் நிறைந்து ஓடுகிறது, அப்புறம் மறுபடி பிரிந்துவிடுகிறது. ஆக, கோளாறு ரீடிங்கில் இல்லை, கடைசலில்தான்.

நீர்மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியின் அடி வாஷரும் கசிகிறது. அதை நாங்களே மாற்றிக்கொள்கிறோம்.

25 மி.மீ. நீளமுள்ள பித்தளை மவுத்பீஸை, உள்விளிம்பை உருட்டாமல் கூராகக் கடைந்து, செய்முறைத் தேர்வுக்கு முன் அனுப்பி வையுங்கள். அதைப் பொருத்தி ரீடிங் எடுத்துப் பார்த்த பிறகுதான் மீதித் தொகைக்கான பில்லில் கையெழுத்திடுவேன்.

இப்படிக்கு,
லேப் பொறுப்பாளர்