அந்தப் பென்சில் எங்களிடம்தான் இருக்கிறது

போன மாதம் அப்பாவுக்குப் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் அறுவை சிகிச்சை. ரோபோ மூலம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. "மெஷின் பாட்டுக்கு அறுத்துட்டா யாரைக் கேக்கிறது?" என்பதே கவலை. எங்களுக்கும் பதில் தெரியவில்லை.

முந்தின நாள் இரவு, டியூட்டி முடிந்து கிளம்பிய தியேட்டர் நர்ஸ் ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடியே அப்பாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். ஒரு பென்சிலை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தார்.

"ஐயா, துளை இந்தப் பென்சில் தடிமன்தான், 8 மில்லிமீட்டர். சுரப்பியை வெளியே எடுக்க ஒண்ணை மட்டும் கொஞ்சம் பெரிசாக்குவாங்க. ரோபோ தானா எதுவும் செய்யாது. டாக்டர் பக்கத்துலயே உட்கார்ந்து, உள்ளே பத்து மடங்கு பெரிசாப் பார்த்துக் கையை அசைச்சாத்தான் அதுவும் அசையும். பார்க்கிற இடத்துலேருந்து அவர் முகத்தை எடுத்தா நின்னுடும்."

அன்று அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

அந்த நர்ஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: வயிற்றை விரிக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடால் அப்புறம் தோள்பட்டை வலிக்கலாம் என்று. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் வலித்தது. முன்பே தெரியாவிட்டால் மாரடைப்போ என்று பதறியிருப்போம். டியூட்டி டாக்டரும் பார்த்துவிட்டு அந்த வாயுவால்தான் என்று சொன்னார்.

பெயர் கேட்கத் தோன்றவில்லை. டிஸ்சார்ஜ் அன்று தேடினேன், ஷிஃப்ட் மாறியிருந்தது.

தங்கச்சி, ரொம்ப நன்றி. சிறுநீர் போக வைத்திருந்த குழாயை எடுத்தாயிற்று. அப்பா தெருமுனை வரை நடக்கிறார். உங்கள் பென்சிலால்தான் மாத்திரை நேரம் குறித்துவைக்கிறார்.