நாடகம் எழுதியவரின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கலைப்பக்கத்தில் வெளிவரும் நாடக விமர்சனங்களைத் தவறாமல் படித்துவருகிறேன். நடிப்பு, ஒளியமைப்பு, இசை, அரங்கப் பொருள்கள் என்று ஒவ்வொன்றையும் அக்கறையோடு எடுத்துச்சொல்லும் அவ்விமர்சனங்களில், நாடகத்தை எழுதியவர் யார் என்பது பல வேளைகளில் காணப்படுவதில்லை. இருபது ஆண்டுகளாக மேடைக்கு எழுதிவருபவள் என்ற முறையில் இதுபற்றிச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நாடகம் எழுதுவதென்றால் வசனம் எழுதுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய நாடகமொன்றில், அடுக்குமாடி வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் புறப்படும் தந்தை மகளிடம் விடைபெறும் கட்டம் வரும். அவருக்கு ஏறத்தாழ ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன். ஒத்திகையில் அந்த மூத்த நடிகர் மூன்று முறை முயன்றும் வசனம் அவர் வாயில் படியவில்லை. நான்காம் முறை அவர் எதுவும் பேசாமல் தம் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் கவிழ்ந்து கிடந்த பேத்தியின் பள்ளிக் காலணிகளைக் குனிந்து எடுத்துச் சுவரோரமாகச் சேர்த்துவைத்தார். "வர்றேம்மா" என்று மட்டும் சொல்லி இரும்புக் கதவைச் சாத்தினார். அன்றிரவே அந்த வசனப் பக்கத்தை அடித்து நீக்கிவிட்டேன். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கடைசியில் அந்தக் காலணிகளைப் பார்த்ததும் அவையினர் நெஞ்சு கனக்க வேண்டுமானால், முதற்காட்சியிலேயே தாத்தா அவற்றுக்காகப் பேத்தியைக் கடிந்துகொண்டிருக்க வேண்டும். அதை நுழைத்ததும் இரண்டாம் காட்சியில் மகள் பேசும் பேச்சு தேவையற்றதாகிவிட்டது. நடிகர் தந்த ஒரு நொடியை நாடகத்தில் ஊன்றச்செய்ய மூன்று வாரம் பிடித்தது.

சிங்கப்பூர் நாடகாசிரியர் கோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய 'அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்' நாடகத்தில், ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் எதிர்ப்பட்டு, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலேயே தத்தம் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அக்காட்சியில் வார்த்தைகள் குறைவு. ஆனால் அந்த இருவரையும் அந்த இடத்தில் சந்திக்கவைத்ததே எழுத்து என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு பாடு உண்டு. தாத்தா 'பசார்' என்பார், மகள் 'மார்க்கெட்' என்பாள், பேத்தி தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். மூவரையும் ஒரே வீட்டில் வைத்து எழுதும்போது, மொழி கெடாமலும் பொய்யாகாமலும் பேசவைக்க வேண்டும். இதற்குக் காது வேண்டும். பேருந்திலும் காப்பிக்கடையிலும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில், சிறுவர்களே நடித்த பாலர் நாடகக் குழுக்களில் நாடகம் எழுதியவரே வாத்தியார். பாடலும் வசனமும் எழுதுவதோடு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பயிற்றுவிப்பதும் அவர் பணி. அந்த மரபு வழிவந்த நாம், இன்று எழுத்தாளரிடம் பிரதியைப் பெற்றுக்கொண்டு அரங்கேற்றத்தன்று அழைப்பிதழ் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒருமுறை என் நாடகத்தின் சுவரொட்டியில் ஆதரவாளர் பதினொருவர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. இடம் போதவில்லை என்றார்கள். எவர்மீதும் பழி சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் என்னிடம் அன்பாகவே நடந்துகொண்டார்கள், மேடையில் பொன்னாடையும் போர்த்தினார்கள். ஆனால் 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலிருக்கும் நம் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைப் பொதுமக்கள் முன் நிகழ்த்தும்போது படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். அதைக் குழுக்களும் அறிந்திருப்பதில்லை, எழுத்தாளர்களும் கேட்பதில்லை. அரங்க வாடகைக்கும் ஒலி ஒளிக்கும் முதலிலேயே தொகை ஒதுக்கும் வரவுசெலவுத் திட்டத்தில், எட்டு மாதம் எழுதியவருக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. இரண்டு இரவு மேடையேறியதும் பிரதி காணாமற்போய்விடுகிறது. உரிமம் பெறுவதற்காகத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் பிரதியைக் கொடுக்கிறோம். நாளைக்கு எழுத வரும் இளையருக்குப் படிக்கக் கொடுப்பதில்லை. சிங்கப்பூரில் வெளியிடப்படும் நூலின் இரு படிகள் தேசிய நூலக வாரியத்துக்குப் போய்ச் சேரும். அச்சேறாத நாடகத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுத்தாளர் புதுமைதாசன் பி. கிருஷ்ணன் அவர்களின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' நாடகம் வானொலியில் ஒலித்ததோடு நின்றிருந்தால், அடுக்குமாடி வாழ்வுக்குப் புதிதாய்க் குடியேறிய நம் முன்னவர்களின் பேச்சும் சிரிப்பும் இன்று எவருக்கும் கிடைத்திரா. அது நூலாகவும் வந்ததால் இப்போதும் கையில் எடுத்துப் படிக்கிறோம். 1993இல் தொடங்கிய தங்கமுனை விருதுப் போட்டி சிறுகதைக்கும் கவிதைக்குமாக அமைந்து எத்தனையோ எழுத்தாளர்களை வெளிக்கொணர்ந்தது. ஓரங்க நாடகத்துக்கும் அதுபோன்றதோர் இடம் இருந்தால், எழுதிப் பார்க்கத் துணிபவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இனிவரும் விமர்சனங்களில் இயக்குநர் பெயருக்கு அருகிலேயே எழுதியவர் பெயரையும் வெளியிடுங்கள். எழுத்து நன்றாயிருந்தால் எந்தக் காட்சியில், குறையிருந்தால் எங்கே என்று இரண்டு வாக்கியமாவது விமர்சகரை எழுதச்சொல்லுங்கள். கண்டிப்பாக இருந்தாலும் பாதகமில்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி வரும் சிறப்புப் பக்கங்களில், அவ்வாண்டு மேடையேறிய ஒரு நாடகத்தின் ஒரு காட்சியை எழுத்தாளர் இசைவோடு அச்சிட்டால் மிகவும் மகிழ்வேன். முதற்பிரதியாக வேண்டுமானால், அடிக்கப்பட்ட அந்தப் பக்கத்தையும் சேர்த்து, காலணிக் காட்சியைக் கட்டணமின்றி அனுப்பிவைக்க அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
நாடகம் எழுதும் வாசகி ஒருவர்,
ஈசூன்