குடைமிளகாய்க்கு வந்த பெயர்

கிருஷ்ணகிரி,
ஆனி 8

அன்பு நண்பா,

சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு ஆனியில்தான் பதில் எழுதுகிறேன். மாங்காய்ப் பருவத்தில் நான் பேனாவைத் தொடமாட்டேன் என்பது நீ அறியாததல்ல. வீட்டில் அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல.

ஒகையோவில் உன் மகளின் அடுத்த வீட்டு மூதாட்டி குடைமிளகாயை 'மேங்கோ' என்று சொன்னதாகவும், பாவம் அவருக்கு நினைவு தடுமாறுகிறது என்றும் எழுதியிருந்தாய். தடுமாறியது நீதான். நம் மாங்காயை, அல்லது மலையாளத்து மாங்ஙவை (எது என்று ஒட்டுமா வாத்தியாரிடம் மறுபடி சண்டை வேண்டாம், அகராதிகள் இரண்டையும் சொல்கின்றன), 1498க்குப் பின் மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் 'மாங்கா' என்று எடுத்துக்கொண்டனர்; 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாதக்கணக்கான கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது என்பதால், இங்கிலாந்துக்குப் போனது ஊறுகாய்தான். ஜாடியைத் திறந்தவர்கள் மேங்கோ என்றாலே ஊறுகாய் என்று நினைத்து, வெள்ளரி, பீச், முலாம்பிஞ்சு என எதை ஊறப்போட்டாலும் அந்தப் பெயரையே வைத்தார்கள். ஊறப்போடும் வேலைக்கும் அதே சொல்தான். அமெரிக்காவில் குடைமிளகாயைக் குடைந்து, முட்டைக்கோஸ் திணித்து ஊறவைத்தபோது அதுவும் மேங்கோ ஆனது. பிறகு ஊறாத மிளகாய்க்கும் பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு உறுத்துவது வேறு. நாம் மாங்காய், மாம்பழம் என்று பிரித்து வைத்திருக்க, அவர்கள் காயின் பெயரையே பழத்துக்கும் சூட்டிவிட்டார்கள். போன வாரம் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டருடன் ஒரு மாம்பழக்கூழ் ஆலை வாசலில் இரண்டு இரவு கிடந்தேன். எடைச்சீட்டில் 'ரா மேங்கோ' என்று இருந்தது. அதாவது பச்சை மாங்காய். அப்படியானால் 'ரைப் மேங்கோ' என்பது பழுத்த மாங்காய் அல்லவா என்று எண்ணி, தனியாகச் சிரித்தேன். அதற்குள் அடியில் கிடந்த சரக்கு பழுத்து, நசுங்கி, தொட்டியின் பலகை இடுக்கில் சாறு ஒழுகியிருந்தது. அதற்கெல்லாம் கழிவு பிடித்துவிட்டார்கள். காய்க்கும் பழத்துக்கும் அவர்கள் சீட்டில்தான் ஒரே சொல், கணக்கில் அல்ல. வண்டி வாடகை போக மிஞ்சியதை உனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உன் மருமகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராமே. அவரிடம் ஒரு ஜாடி ஆவக்காய் கொடுத்தனுப்புகிறேன். அந்த மூதாட்டிக்கு ஒரு துண்டு கொடுத்து, 'மேங்கோ' என்று மட்டும் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்